ஜேடம்மா பராமரிப்புக் குழு

ஓசூர் பாகலூர் ரோட்டில் இருந்த தட்சிணா ஷ்டோல்ஸ் கியர் கம்பெனிக்கு, தொண்ணூற்று மூன்றாம் வருஷம் தை மாதத்தில், பிரேசில் நாட்டிலிருந்து ஒரு மெஷின் வந்தது. மெஷினோடு ஒரு சிலந்தியும் வந்தது. மெஷினுக்குக் காகிதம் இருந்தது, சிலந்திக்கு இல்லை. பின்னால் நடந்த அத்தனைக்கும் இந்த ஒரு குறைதான் காரணம் என்று தர மேலாளர் நாராயணப்பன் கடைசிவரைக்கும் நம்பினார்.

மரப்பெட்டியைப் பிரித்து வைக்கோலை அள்ளிக்கொண்டிருந்தவள் முனிலட்சுமி. கான்ட்ராக்டர் கங்கப்பனின் ஆள். நாலு வருஷமாக அந்தக் கம்பெனியைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். வைக்கோலுக்குள்ளிருந்து உள்ளங்கை அகலத்துக்கு, உடம்பெல்லாம் மயிராக, அவசரமே இல்லாமல் ஒன்று நடந்து வந்தது. ஃபிட்டர்கள் இரண்டு பேர் புது மெஷின் மேல் ஏறி நின்றுகொண்டார்கள். மூன்றாவது ஃபிட்டர் செருப்பைக் கழற்றினான். அவன் குறி பார்ப்பதற்குள் முனிலட்சுமி தன்னுடைய காலி டிபன் டப்பாவைக் கவிழ்த்து அதை மூடிவிட்டாள். அவளுக்குப் பூச்சி புழு என்றால் பயம் கிடையாது. சூளகிரிப் பக்கத்தில் பட்டுப்புழு வளர்க்கிற வீட்டில் பிறந்தவள். வீட்டில் புழுவுக்கு இடம் ஒதுக்கியது போக மீதி இடத்தில்தான் மனிதர்கள் படுப்பார்கள்.

ஷாப்பில் பாதிப் பேர் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். அவர்கள் பாஷையில் சிலந்திக்கு ஜேடா என்று பேர். சாயங்காலத்துக்குள் அது ஜேடம்மா ஆகிவிட்டது. ஆணா பெண்ணா என்று யாரும் பார்க்கவில்லை. அந்த உடம்பைப் பார்த்தவர்களுக்கு அம்மா என்றுதான் சொல்லத் தோன்றியது.

பெட்டியில் பூச்சி இருந்தது என்று, பிரேசில் கிளையிலிருந்து மெஷினை அனுப்பிய ஜெர்மனித் தாய்க் கம்பெனிக்கு ஒரு புகார் ஃபேக்ஸ் போயிற்று. புகார் சொன்னால் விலையில் கொஞ்சம் குறைப்பார்கள் என்பது கணக்கு. மறுநாள் சேர்மன் ஷ்டோல்ஸ் தன் கையாலேயே எழுதிய பதில் வந்தது. விலையைப் பற்றி ஒரு வரி இல்லை. மனிதர் ஆனந்தத்தில் இருந்தார். தன் வீட்டில் இந்த ஜாதிப் பெரிய சிலந்திகள் பதினொன்று இருப்பதாகவும், இந்தக் குறிப்பிட்ட வகை மட்டும் முப்பது வருஷமாகக் கைக்கு அகப்படவில்லை என்றும், ஆனி மாதம் புது ஷெட்டைத் திறக்க வரும்போது அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அதுவரைக்கும் அதைத் தன் பிள்ளை போலப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லவில்லை. இந்தியாவில் இதற்கெல்லாம் நிபுணர்கள் இருப்பார்கள், நான் சொல்லித் தருவது மரியாதை இல்லை என்று முடித்திருந்தார்.

அவரிடமே கேட்டுவிட்டால் போயிற்று என்று பாதுகாப்பு அதிகாரி பஷீர் அஹமது சொன்னார். ஜெர்மனியில் ஆறு மாதம் பயிற்சி எடுத்தவர், அந்த பாஷையும் கொஞ்சம் தெரியும். பர்சனல் மேனேஜர் சுடலைமுத்து தலையை ஆட்டினார். அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம்.

“கேட்டா நமக்குத் தெரியாதுங்கிறது அவுகளுக்குத் தெரிஞ்சு போயிரும்லா.”

கம்பெனி அந்த வருஷம் தரச் சான்றிதழ் வாங்கத் துடித்துக்கொண்டிருந்தது. செய்வதை எழுது, எழுதியதைச் செய், செய்ததை மறுபடி எழுது என்று சுவருக்குச் சுவர் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். கக்கூஸ் கதவில்கூட இருந்தது. அந்தக் காலத்தில் தெரியாது என்கிற வார்த்தைக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. ஆகவே ஏழு பேர் கொண்ட பராமரிப்புக் குழு அமைக்கப்பட்டது. கோப்பில் ஜேடம்மாவுக்கு ‘இறக்குமதி உயிர்ப்பொருள் எண் ஒன்று’ என்று பேர் வைத்தார்கள்.

குழுவில் யாருக்கும் சிலந்தியைத் தொடுகிற உத்தேசம் இல்லாததால் தொடுவதற்கு முனிலட்சுமியை வைத்தார்கள். சுடலைமுத்து அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தாமல், நிற்க வைத்தே பேசினார்.

“இந்தா பாரு. தொரை வாரப்ப அது உசுரோட இருந்தா நீ பெர்மனென்ட். இல்லேன்னா கங்கப்பன்கிட்ட வேற ஆளு கேப்பேன்.”

பெர்மனென்ட் என்றால் முனிலட்சுமிக்கு முதலில் ஞாபகம் வருவது பஸ். கம்பெனி பஸ் தினமும் சூளகிரியிலிருந்து வரும். அதில் பெர்மனென்ட் ஆட்கள் மட்டும் ஏறலாம். அவள் டவுன் பஸ்ஸில் வந்து, பாகலூர் ரோட்டு முனையில் இறங்கி, இரண்டு கிலோமீட்டர் நடப்பாள். நடக்கும்போது கம்பெனி பஸ் அவளைத் தாண்டிப் போகும். பாதி சீட் காலியாக இருக்கும். மழைக்காலத்தில் அவள் மேல் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போகும். அவளுக்கு டிரைவரைத் தெரியும், டிரைவருக்கும் அவளைத் தெரியும், பேர் சொல்லிக் கையாட்டுவான். ஆனால் நிறுத்தமாட்டான். சட்டம் அப்படி. அந்த பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து வர வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு அந்த நாலு வருஷத்தில் பெரிதாக ஒரு ஆசையும் இருந்ததில்லை. அதனால் அன்றிலிருந்து ஜேடம்மாவின் உயிர் அவளுடைய உயிர் ஆயிற்று.

ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி வரவேற்பறைக்குப் பக்கத்து அறையில் வைத்தார்கள். பிறகு யோசனைகள் வர ஆரம்பித்தன.

செவ்வாய்க்கிழமை தோறும் வருகிற கம்பெனி டாக்டர், இரண்டு மாதம் கப்பலில் பட்டினியாக வந்த ஜீவன் என்பதால் காய்ச்சி ஆறிய தண்ணீரும் குளுக்கோஸும் கொடுத்து, கனமான ஆகாரத்தைத் தவிர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு விலங்கியல் பேராசிரியரைக் காரில் கூட்டி வந்தார்கள். அவர் தொட்டிக்கு மூன்று கஜ தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, இது பாலைவனப் பிராணி, தண்ணீர் கண்ணில் பட்டாலே செத்துப்போகும் என்றார். கால்நடை மருத்துவர் ஒருவர் மாட்டுக்குத் தீவனம் போடுகிற வாய்பாட்டை வைத்துக் கணக்குப் போட்டார். உடம்பு எடைக்கு இவ்வளவு, கால் ஒன்றுக்கு இவ்வளவு என்று பார்த்ததில், நாலு கால் அதிகமாக இருந்ததால், ஒரு நாளைக்கு நாற்பது கரப்பான் பூச்சி என்று விடை வந்தது. ஜேடம்மா வாரத்துக்கு ஒரு கரப்பானைத் தின்றுவிட்டு, இன்னொன்று கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதைப் பேராசிரியரும் பார்க்கவில்லை, மருத்துவரும் பார்க்கவில்லை. முனிலட்சுமிதான் பார்த்தாள்.

பெங்களூரில் இந்த மாதிரி ஜந்துக்களை வீட்டில் வளர்க்கிற பெரிய மனிதர்கள் இரண்டு பேர் இருப்பதாகத் தெரிந்ததும் குழுவுக்குத் தெம்பு வந்தது. முதல் மனிதர் பட்டு ஜிப்பாவோடு வந்தார். இது மழைக்காட்டு ராணி, ஒரு நாளைக்கு ஆறு முறை தண்ணீர் தெளிக்காவிட்டால் நுரையீரல் காய்ந்துவிடும் என்றார். இரண்டாவது மனிதர் தொப்பியோடு வந்தார். தண்ணீர் தெளிப்பது கொலை என்றார். யார் தெளிக்கச் சொன்னது என்று கேட்டு, ஜிப்பாக்காரரின் பேரைச் சொன்னதும், எழுந்து நின்றுவிட்டார். அந்த ஆள் பேச்சைக் கேட்டு பெங்களூரில் மட்டும் பதினாலு சிலந்திகள் அநியாயமாகப் போய்ச் சேர்ந்ததாகவும், ஒன்றுக்குத் தானே சொந்தச் செலவில் காரியம் செய்ததாகவும் சொன்னார். இதை ஃபோனில் கேள்விப்பட்ட ஜிப்பாக்காரர், தொப்பிக்காரர் இதுவரை வளர்த்ததெல்லாம் ரப்பர் சிலந்தி என்றார். அதற்கப்புறம் இரண்டு பேரும் வாரத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். கடிதத்தில் ஜேடம்மாவைப் பற்றி ஒரு பத்தியும் மற்றவரைப் பற்றி நாலு பக்கமும் இருக்கும்.

நாராயணப்பன் எல்லாவற்றையும் கோப்பில் சேர்த்தார். ஒருமுறை கோப்பில் ஏறிய யோசனையை, சொன்னவரே எழுத்து மூலம் திரும்பப் பெற்றால் ஒழிய நீக்க முடியாது என்பது தர விதி. யாரும் திரும்பப் பெறவில்லை. ஆகவே எல்லா யோசனையும் ஒரே நேரத்தில் அமலுக்கு வந்தது. தண்ணீர் தெளித்தேன் என்பதற்கு ஆறு கட்டம், தண்ணீர் தெளிக்கவில்லை என்பதற்கு ஆறு கட்டம். நடைமுறைச் சிக்கல் வரும் என்று பஷீர் அஹமது தயங்கியபடி சொன்னார். நாராயணப்பன் ஒரு ராத்திரி யோசித்து வழி கண்டுபிடித்தார். தொட்டியின் நடுவில் தகடு வைத்து இந்தப் பக்கம் பாலைவனம், அந்தப் பக்கம் மழைக்காடு என்று பிரித்தார். ஒற்றைப்படைத் தேதியில் சிலந்தி பாலைவனத்திலும் இரட்டைப்படைத் தேதியில் மழைக்காட்டிலும் இருக்க வேண்டும். போய் வரத் தகட்டில் ஒரு ஓட்டை போட்டு, மேலே அம்புக்குறி வரைந்தார். ஜேடம்மா ஓட்டையிலேயே உட்கார்ந்துகொண்டது. தொடர்ந்து ஒன்பது நாள் தேதிக்குப் பொருந்தாத இடத்தில் காணப்பட்டதற்காக அதன் பேரில் காரணம் கேட்கும் கடிதம் ஒன்று தயாரானது. கடிதத்தை முனிலட்சுமி கையெழுத்துப் போட்டு வாங்கி, தொட்டிமேல் ஒட்டினாள்.

பஷீர் அஹமது நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் ஒரு டிபார்ட்மென்ட் இருந்தது. சனிக்கிழமை தீ ஒத்திகையில் சைரன் ஊதியதும் இரண்டு நிமிஷத்துக்குள் வளாகத்தில் உள்ள எல்லா உயிர்களும் கொடிக்கம்பத்தடியில் கூட வேண்டும் என்று அவர் புத்தகத்தில் இருந்தது. எல்லா உயிரும் என்றால் எல்லா உயிரும்தானே. முனிலட்சுமி தலையில் ஹெல்மெட்டும் கையில் தொட்டியுமாக ஓடுவாள். நானூறு பேர் நிற்கிற வரிசையில் கடைசியாக நின்று, பேர் கூப்பிடும்போது தனக்கொரு தடவையும் ஜேடம்மாவுக்கு ஒரு தடவையும் உள்ளேன் ஐயா சொல்வாள்.

கேன்டீன் விவகாரம் இதைவிடச் சிக்கல். வளாகத்துக்குள் பரிமாறப்படும் எந்த உணவையும் கேன்டீன் கமிட்டி உறுப்பினர் ஒருவர் முன்கூட்டியே ருசி பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது யூனியன் போராடி வாங்கிய உரிமை. கரப்பான் பூச்சி பரிமாறப்படும் உணவா இல்லையா என்று மூன்று கூட்டம் நடந்தது. உணவுதான் என்று முடிவானது. மறுநாளிலிருந்து படிவத்தில் கையெழுத்து விழுந்தது. ருசி என்கிற கட்டத்தில் ‘திருப்திகரம்’ என்றும் உப்பு என்கிற கட்டத்தில் ‘போதுமானது’ என்றும் எழுதியிருந்தது. நாலு மாதமும் ஒரு நாள் விடாமல் அதே இரண்டு வார்த்தை. இதைப் பார்த்த பிறகுதான் சாம்பாருக்கும் அவர்கள் எப்படிக் கையெழுத்துப் போட்டுவந்தார்கள் என்பது தொழிலாளர்களுக்கு விளங்கியது.

இதற்கெல்லாம் நடுவில் முனிலட்சுமி என்ன செய்தாள் என்றால், எட்டாவது வரை படித்தவள் ஆகையால், எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்தாள். தெளித்தேன் என்பதிலும் அடித்தாள், தெளிக்கவில்லை என்பதிலும் அடித்தாள். முதல் நாள் ஒவ்வொரு கட்டத்துக்கும் யோசித்தாள். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. ஒரு கட்டம்கூட விடுபடவில்லை என்று நாராயணப்பன் அவளைக் கூட்டத்தில் பாராட்டினார். உண்மையில் அவள் ஒரு சோடா மூடியில் தண்ணீர் வைத்தாள், உடைந்த பானை ஓடு ஒன்றை மறைவுக்குக் கவிழ்த்து வைத்தாள், வாரத்துக்கு ஒரு கரப்பான் போட்டாள், மற்ற நேரமெல்லாம் தன் பாட்டுக்குக் கூட்டிப் பெருக்கினாள். ஜேடம்மா கொழுத்தது. குழு தன் சாதனையைக் கோப்பில் பதிந்துகொண்டது.

வைகாசி கடைசியில் ஜேடம்மா தீனியைத் தொடவில்லை. மூன்று வாரம் தொடவில்லை. முதுகுப் பக்கம் மயிர் உதிர்ந்து கறுத்தது. துரை வருவதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது, காலையில் முனிலட்சுமி வந்து பார்த்தால், எட்டுக் காலையும் விரித்து மல்லாந்து கிடந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். தரையில் வழுவழுவென்று வலையைப் பாய் மாதிரி நெய்துவைத்து அதன்மேல் படுத்திருந்தது. சாகிறது எதுவும் இப்படிப் பாய் விரித்துக்கொண்டு சாகாது என்று நினைத்தாள். வீட்டில் ஆயிரக்கணக்கான புழுக்கள் இப்படித்தான் தீனியை விட்டு, அசையாமல், செத்தது போலக் கிடக்கும். அப்போது தழை போடக்கூடாது, தட்டை அசைக்கக்கூடாது, யாரும் பக்கத்தில் போகக்கூடாது. பழைய சட்டையைக் கழற்றிவிட்டு அதுவாக எழுந்துகொள்ளும். இதுவும் அதுதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்குள் கேன்டீன்காரன் பார்த்துவிட்டுச் சத்தம் போட, குழு வந்து சேர்ந்தது.

“ஐயா, அது சாவலைங்க. தோலுரிக்கப் போவுது. எங்க ஊட்ல பட்டுப்புழு இப்டித்தான் தூங்கும். தொடாம வுட்டா தானா எந்திரிச்சிக்கும்.”

நாராயணப்பன் அவளைக் கோபமாகப் பார்க்கவில்லை. பாவமாகத்தான் பார்த்தார். “பட்டுப்புழு உள்ளூரு. இது இம்போர்ட்டட்” என்றார்.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் வைத்துக் கேட்டார். சத்தம் ஏதும் இல்லை. தொட்டியில் சிவப்புச் சீட்டு கட்டப்பட்டது. கம்பெனியில் பச்சைச் சீட்டு என்றால் சரக்கு சரி, மஞ்சள் என்றால் நிறுத்திவை, சிவப்பு என்றால் கழிவு. சிவப்புச் சீட்டு கட்டிய பொருளை ஏழு கையெழுத்தும் விழுந்த உடனே அப்புறப்படுத்திக் காரணம் கண்டறிய வேண்டும். இங்கேதான் ஜேடம்மாவுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. ஏழாவது கையெழுத்துக்காரர் நாகரசம்பட்டியில் மாங்காய் அறுப்பு என்று லீவு போட்டுப் போயிருந்தார். அவர் வர இரண்டு நாள் ஆயிற்று. கம்பெனி வேகமாக வேலை செய்கிற கம்பெனியாக இருந்திருந்தால் சிலந்தி அன்றைக்கே போயிருக்கும்.

இரண்டு நாளில் ஜேடம்மா சாவகாசமாகத் தோலுரித்துவிட்டு, முன்னைவிடப் பெரிதாக, புதுக் கறுப்பு நிறத்தோடு, நடந்துபோய்ப் பானை ஓட்டுக்குள் படுத்துக்கொண்டது. பாய்மேல் பழைய தோல் எட்டுக் காலோடும் மயிரோடும் அப்படியே கிடந்தது. அசல் சிலந்திதான், உள்ளே ஆள் மட்டும் இல்லை. கையெழுத்து முடிந்து இடுக்கியோடு வந்த டாக்டர் அதைத் தூக்கினார். முனிலட்சுமி வாயைத் திறந்தாள். இது வெறுந்தோல் என்று சொல்ல ஆரம்பித்தாள். பரிசோதனை நடக்கும்போது கான்ட்ராக்ட் ஆட்கள் பேசக்கூடாது என்று நாராயணப்பன் கையைக் காட்டினார். அவள் வாயை மூடிக்கொண்டாள். உள்ளே படுத்திருப்பதன் மேல் இடுக்கி படாமல், பானை ஓட்டை மட்டும் கொஞ்சம் தொட்டியின் ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

பிரேதப் பரிசோதனை அறிக்கை மூன்று பக்கம் வந்தது. உடலுக்குள் இதயம், நுரையீரல், குடல் ஆகிய எதுவும் காணப்படவில்லை என்றும், இவை நெடுநாள் ஊட்டக்குறைவால் முற்றிலும் கரைந்துபோயிருக்க வேண்டும் என்றும், இதயம் இல்லாத நிலையில் மரணம் இயற்கையானதே என்றும் டாக்டர் எழுதியிருந்தார். ஏழு பேரும் கையெழுத்திட்டார்கள். கேன்டீனில் இரண்டு நிமிஷ மௌன அஞ்சலி நடந்தது. தோலை வெல்வெட் துணியில் வைத்துக் கண்ணாடிப் பெட்டியில் மூடினார்கள். துரையிடம் என்ன சொல்வது என்று ஏழு பேரும் மூன்று மணி நேரம் பேசி, பராமரிப்பில் குறையில்லை, பராமரிப்பாளரிடம்தான் குறை என்று முடிவு செய்தார்கள். சுடலைமுத்து முனிலட்சுமியைக் கூப்பிட்டு, துரை வந்து போன மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏழு கையெழுத்து விழுந்த பிறகு தன் பேச்சு எடுபடாது, துரையே வந்து பார்க்கட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். அன்றைக்கு ரோட்டில் நடந்து போகும்போது கம்பெனி பஸ் தாண்டிப் போயிற்று. டிரைவர் வழக்கம்போலக் கையாட்டினான். அவள் பதிலுக்கு ஆட்டவில்லை. அழுகையைவிட எரிச்சல்தான் அதிகமாக இருந்தது.

ஷ்டோல்ஸ் துரை ஆறடி உயரம், வெள்ளைத் தாடி. மாலையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நேராகச் சிலந்தி எங்கே என்றார். ஏழு பேரும் கையைக் கட்டிக்கொண்டு கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார்கள். சுடலைமுத்து ஆங்கிலத்தில் இரங்கல் உரை படித்தார். துரை பெட்டிக்குள் பார்த்தார். பிறகு பிரேதப் பரிசோதனை அறிக்கையை வாங்கிப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் சிரிக்க ஆரம்பித்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியபடி பஷீர் அஹமதுவிடம் ஏதோ கேட்டார். பஷீர் அஹமதுவின் முகம் வெளுத்துவிட்டது.

“இது தோலாம். ஆளு எங்கேன்னு கேக்கறாரு.”

முனிலட்சுமி துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் தொட்டிக்குள் இருந்த பானை ஓட்டைத் தூக்கினாள். ஜேடம்மா வெளிச்சத்துக்கு முகம் சுளித்துக்கொண்டு மெல்ல வெளியே வந்தது.

துரை மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு ஆரோக்கியமாகத் தன் வீட்டில்கூட ஒன்று இல்லை என்றார். யார் வளர்த்தது என்று கேட்டார். ஏழு பேரும் ஒரு அடி முன்னால் வந்தார்கள். எப்படி வளர்த்தீர்கள் என்று கேட்டார். டாக்டர் குளுக்கோஸ் என்றார், நாராயணப்பன் பாலைவனம் என்றும் உடனே மழைக்காடு என்றும் சொன்னார், கால்நடைக் கணக்கை ஒருவர் ஒப்பித்தார், பஷீர் அஹமது மனசாட்சி உறுத்தினாலும் தீ ஒத்திகையைக் குறிப்பிட்டார். துரை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, துடைப்பத்துக்குப் பக்கத்தில் நின்றவளைக் கைகாட்டினார். நீ என்ன செய்தாய் என்று பஷீர் அஹமது அவளிடம் கேட்டார்.

“ஒண்ணும் பண்ணலைங்க. சும்மா வுட்டுட்டேன்.”

பஷீர் அஹமது அதை மொழிபெயர்த்தார். துரை எழுந்து நின்று அவளுக்குக் கைகொடுத்தார். தன் ஊரில் சிலந்தி வளர்ப்போர் சங்கத்தில் முப்பது வருஷமாக ஈரமா வறட்சியா என்று சண்டை போடுகிறார்கள், இரண்டு பேர் கோர்ட்டுக்கே போனார்கள், ஒருவர் வாயிலும் இந்த வார்த்தை வரவில்லை என்றார். இந்த அம்மாளை நிரந்தரமாக்குங்கள், சிலந்தியைச் சும்மா விடுங்கள் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். கிளம்பும்போது பிரேதப் பரிசோதனை அறிக்கையை மட்டும் கேட்டு வாங்கிப் போனார். அதைச் சட்டம் போட்டு ஜெர்மனி ஆபீஸில் தன் மேஜைக்கு எதிரே மாட்டிவிட்டதாகப் பிறகு தகவல் வந்தது. ஏழு கையெழுத்தும் தெளிவாகத் தெரிகிறதாம்.

முனிலட்சுமிக்கு உத்தரவு வந்தது. ஆறு மாதம் தகுதிகாண் பருவம், அந்த ஆறு மாதமும் உயிர்ப்பொருள் எண் ஒன்று உயிரோடு இருந்தால் தை மாதத்திலிருந்து நிரந்தரம். தகுதிகாண் பருவத்திலேயே பஸ்ஸில் ஏறலாம் என்று சுடலைமுத்து பெரிய மனசு பண்ணிச் சேர்த்திருந்தார். அவள் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ரோட்டில் நடந்து போகிற கான்ட்ராக்ட் பெண்களைப் பார்த்து முதல் நாள் கையாட்டினாள். அப்புறம் அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

சும்மா விடுங்கள் என்பது சேர்மனின் உத்தரவு. உத்தரவு என்றால் அதற்குச் செயல்முறை வேண்டும். நாராயணப்பன் ‘சும்மா விடுதல்’ என்று பன்னிரண்டு பக்கம் எழுதினார். சிலந்தி சும்மா விடப்பட்டிருக்கிறதா என்பதை மூன்று ஷிப்டிலும் அரை மணிக்கு ஒரு தடவை உறுதி செய்ய வேண்டும். அதற்கு ஒருவர் மூடியைத் திறக்க வேண்டும், ஒருவர் டார்ச் அடிக்க வேண்டும், ஒருவர் பென்சிலின் பின்பக்கத்தால் லேசாகத் தட்டி, யாராலும் தொந்தரவு செய்யப்படாத சிலந்திக்குரிய அசைவு இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மறைவு இருந்தால் சும்மா இருப்பது கண்ணுக்குத் தெரியாது என்பதால் பானை ஓட்டை எடுத்துவிட்டார்கள். முனிலட்சுமி இரண்டு தடவை சுடலைமுத்துவிடம் போய், இப்படிக் கிளறினால் தாங்காது என்று சொன்னாள். எங்கே கிளறுகிறார்கள், சும்மாதானே விடுகிறார்கள் என்று அவர் கோப்பைக் காட்டினார். மூன்றாவது தடவை அவள் போகவில்லை. நாற்பத்தெட்டு தடவை சும்மா விடப்பட்ட ஒரு கார்த்திகை நாளில், ஜேடம்மா எட்டுக் காலையும் உள்ளங்கையை மூடுவது போல வயிற்றுக்கடியில் சுருட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது.

இந்தத் தடவை மல்லாக்கவும் இல்லை, பாயும் விரிக்கவில்லை. முனிலட்சுமி பார்த்த உடனே தெரிந்துகொண்டாள். வீட்டில் நோய் வந்து செத்த புழுவைத் தொட்டால் கைக்குத் தெரியும் ஒரு குளிர்ச்சி உண்டு. தொட்டுப் பார்த்தாள். அதே குளிர்ச்சி. கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

குழு கூடியது. டாக்டர் தொட்டியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். சிவப்புச் சீட்டு மேஜைமேல் இருந்தது, யாரும் அதை எடுக்கவில்லை. ஏழு பேர் கண்ணிலும் ஜெர்மனியில் அறிக்கை மாட்டிய அந்தச் சுவர் தெரிந்தது. இறந்தது என்று இன்னொரு தடவை கையெழுத்துப் போட்டு, அது மறுபடியும் எழுந்து நடந்துவிட்டால் என்ன கதி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கடைசியில் நாராயணப்பன் படிவத்தில் ஸ்கேலை வைத்துப் புதிதாக ஒரு கட்டம் வரைந்தார். ‘பராமரிப்பாளர் கருத்து’ என்று எழுதினார். ஐந்து வருஷத்தில் முதல் முறையாக முனிலட்சுமிக்கு அந்த அறையில் நாற்காலி போட்டார்கள்.

“நீதான்மா பாத்து வளத்தவ. நீ சொல்றதைத்தான் எழுதப் போறோம். இது என்ன நிலைமை?” என்று நாராயணப்பன் கேட்டார்.

கோப்பு விரித்து வைத்திருந்தது. அவளுடைய தகுதிகாண் உத்தரவு அதே கோப்பில், அதே பக்கத்துக்கு எதிரே, கட்டிப் போட்டிருந்தது. தைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. வெளியே சூளகிரி பஸ் வந்து நின்று ஹார்ன் அடிக்கிற சத்தம் கேட்டது. முனிலட்சுமி ஜேடம்மாவைப் பார்த்தாள். பிறகு பேனாவைப் பார்த்தாள்.

“தூங்குதுங்க சார்” என்றாள்.

ஏழு பேரும் மூச்சு விட்டார்கள். டாக்டர் உறுதியான தலையசைப்போடு கையெழுத்திட்டார். ஆழ்ந்த உறக்கம், தொந்தரவு செய்யக் கூடாது என்று தொட்டியில் பச்சைச் சீட்டு கட்டினார்கள். தையில் முனிலட்சுமி நிரந்தரமானாள். சித்திரையில் கம்பெனிக்குத் தரச் சான்றிதழ் கிடைத்தது. எந்தத் தணிக்கையிலும் அந்த அறையைப் போல் ஒரு கட்டம்கூட விடுபடாமல் நிரப்பியதைப் பார்த்ததில்லை என்று வந்தவர்கள் எழுதிவிட்டுப் போனார்கள். ஜெர்மனியிலிருந்து எப்படி இருக்கிறது என்று விசாரித்து ஃபேக்ஸ் வரும்போதெல்லாம், நலமாக உறங்குகிறது என்று பதில் போகும். துரைக்கு வயதாகிவிட்டது, அவரும் நம்பினார்.

இரண்டு வருஷம் கழித்து, கோயம்புத்தூரிலிருந்து பயிற்சிக்கு வந்த ஒரு பையன், இன்ஜினியர், வேலைக்குச் சேர்ந்த அன்று சுற்றிப் பார்த்துக்கொண்டே அந்த அறைக்கு வந்தான். கண்ணாடியில் நெற்றி படும்படி குனிந்து பார்த்தான். சிலந்தியின் இரண்டு கால்கள் தானாக உதிர்ந்து மணலில் கிடந்தன. அவன் நிமிர்ந்து, துணியும் வாளியுமாக நின்ற முனிலட்சுமியைப் பார்த்தான்.

“அக்கா, இது செத்து ரொம்ப நாளாச்சு போலிருக்குதுங்களே.”

முனிலட்சுமி துணியைப் பிழிந்தாள். நீங்கள் குழுவில் இருக்கிறீர்களா என்று கேட்டாள். இல்லை என்றான் அவன்.

“அப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். கண்ணாடி தொடைக்கணும்.”